டெஸ்ட் ஓட ஓட சர்வர் டிஸ்க் ரொம்புதா? எங்க போகுதுன்னு புடிச்சு அடைக்கிற வழி

பில்ட் லாக்ல "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்"னு வந்துட்டா நெறய டீம்ல நடக்குறது ஒண்ணுதான். யாராச்சும் ஒருத்தர் சர்வர்ல லாகின் பண்ணி /டெம்ப் ஃபோல்டர்ல இருக்குறத மொத்தமா அழிச்சுட்டு, பில்டைத் திரும்ப ஓட விட்டுட்டு டீக்குக் கெளம்பிருவாங்க, அடுத்த வாரம் அதே எர்ரர் அதே எடத்துல வந்து நிக்கும். டிஸ்க் ரொம்புறது கூட பெரிய விஷயம் இல்லங்க, எடம் இல்லாம பாதியில செத்துப்போன டெஸ்டை நெஜமான பக்னு நெனச்சு ஒரு டெவலப்பர் அர நாள் உக்காந்து கோடுக்குள்ள தேடுவாரு பாருங்க, அதுதான் நஷ்டம். ரெண்டு தடவ அப்படி நடந்துச்சுன்னா அதுக்கப்புறம் நெஜமாவே டெஸ்ட் செவப்பாகுறப்ப "அது டிஸ்க் ப்ராப்ளமா இருக்கும் விடுங்க"ன்னு எல்லாரும் தாண்டிப் போக ஆரம்பிச்சுருவாங்க.

மதுரையில இலந்தைக்குளம், வடபழஞ்சி எல்காட் பக்கமா இருக்குற கம்பெனியா இருக்கட்டும், வீட்டு மாடியில நாலஞ்சு பேரா சேந்து நடத்துற டீமா இருக்கட்டும், பல எடத்துல ஒரே ஒரு லினக்ஸ் மிஷின்தான், அதுலயேதான் ஜென்கின்ஸ் (பில்டையும் டெஸ்டையும் தானா ஓட்டுற டூல்), அதுலயேதான் டாக்கர் (ஆப்பைக் கன்டெய்னர்னு தனித்தனி டப்பாக்குள்ள ஓட்டுற டூல்), டேட்டாபேஸும் அதுலயேதான். அந்த மாதிரி டீமை மனசுல வெச்சுத்தான் இத எழுதுறேன். பெரிய கம்பெனியில இதப் பாக்கத் தனியா ஆள் இருப்பாங்க.

நான் அழுத்திச் சொல்ற விஷயம் ஒண்ணுதான். க்ளீனப்பை டெஸ்ட் முடியுற எடத்துல மட்டும் வெக்காதீங்க, ஆரம்பிக்கிற எடத்துல வைங்க. டியர்டவுன்ல, அதாவது டெஸ்ட் முடிஞ்சதும் ஓடுற க்ளீனப் கோடுல, அழிக்கிறோமேன்னு எல்லாரும் சொல்வாங்க, ஆனா டியர்டவுன் ஓடுறதுக்கு டெஸ்ட் உசுரோட இருக்கணும்ல. நம்ம ஊர்ல கரண்ட் போகுது, யூபிஎஸ் பேட்டரி பழசுன்னா மிஷின் அப்படியே ஆஃப் ஆயிருது, இல்லாட்டி ஜென்கின்ஸ்ல டைம்அவுட் ஆகி ஜாபைக் கொன்னுருது, இல்லாட்டி மெமரி பத்தாம கெர்னலே ப்ராசஸைத் தூக்கிருது, இதுல எதுலயுமே டியர்டவுனுக்கு உத்தரவாதம் கெடையாது. அப்படிப் பாதியில செத்த ரன்தான் மிச்சம் மீதியெல்லாம் அங்கிட்டு இங்கிட்டு போட்டுட்டுப் போகும், அத யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. அடுத்த ரன் ஆரம்பிக்கிறப்ப மொத வேலையா பழசத் தூக்கிட்டா, போன ரன் எப்படிச் செத்துருந்தாலும் கவல இல்ல.

சரி, மொதல்ல எங்க போகுதுன்னு பாப்போம். பாக்காம எதையும் அழிக்காதீங்க, ப்ளீஸ்.

டிஎஃப் -ஹெச் எல்லாருக்கும் தெரியும், எந்தப் பார்ட்டிஷன் ரொம்பிருக்குன்னு சொல்லும். ஆனா டிஎஃப் -ஐ (இங்கிலீஷ் சின்ன i) போட்டுப் பாக்குறவங்க கொறச்சல். டிஸ்க்ல 40 ஜிபி காலியா இருக்கும், ஆனாலும் "நோ ஸ்பேஸ்"னு வரும், அப்ப ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க்ல ஒதுக்குற பதிவு) தீந்துருச்சுன்னு அர்த்தம். லினக்ஸோட இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டத்துல சாதாரணமா 16 கேபிக்கு ஒரு ஐநோடுங்குற கணக்குல ஃபார்மேட் பண்றப்பவே ஒதுக்கிருவாங்க, 100 ஜிபிக்கு சுமாரா 65 லட்சம் ஃபைல், அம்புட்டுதான், பின்னாடி கூட்ட முடியாது. டெஸ்ட் ரிப்போர்ட் டூல்கள் ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் குட்டிக் குட்டி ஜேசன் ஃபைலாப் போடும், ஒவ்வொரு பிராஞ்ச் வொர்க்ஸ்பேஸ்லயும் ஒரு நோட்-மாட்யூல்ஸ் (ஜாவாஸ்க்ரிப்ட் லைப்ரரி ஃபோல்டர்) இருக்கும், இது ரெண்டும் சேந்தா ஐநோடு காலி.

எந்த ஃபோல்டர்னு கண்டுபுடிக்க டியூ -எக்ஸ்ஹெச் --மேக்ஸ்-டெப்த்=1 போட்டு அத சார்ட் -ஹெச்சுக்கு பைப் பண்ணுங்க, பெருசு கடைசியில வரும், அதுக்குள்ள போயி திரும்ப அதையே போடுங்க. அந்த -எக்ஸ் முக்கியம், அது இல்லாட்டி வேற பார்ட்டிஷன் எல்லாத்தையும் சேத்து எண்ணிக் கொழப்பிவிடும். என்சிடியூ இன்ஸ்டால் பண்ண முடிஞ்சா இன்னும் சொகம், ஆரோ கீயிலயே உள்ள போயிட்டு வரலாம்.

சில நேரம் டிஎஃப் ஒரு கணக்கு சொல்லும், டியூ அதவிட ரொம்பக் கம்மியா சொல்லும். ஃபைல அழிச்சாச்சு, ஆனா ஏதோ ஒரு ப்ராசஸ் இன்னும் அதத் தொறந்து வெச்சுருக்கு, அதனால எடம் திரும்பி வரல. எல்எஸ்ஓஎஃப் +எல்1 (பெரிய L) போட்டா அப்படி அழிஞ்சும் அழியாம கெடக்குற ஃபைலும் அதப் புடிச்சுட்டு இருக்குற ப்ராசஸும் லிஸ்ட்ல வரும், பாதி நேரம் எப்பவோ விட்டுப்போன க்ரோம் ப்ராசஸோ ஜாவாவோ இருக்கும், அத நிறுத்துனா எடம் வந்துரும். ஓடிட்டு இருக்குற சர்வீஸோட லாக் ஃபைல ஆர்எம் பண்றதுக்குப் பதிலா ட்ரன்கேட் -எஸ் 0 பண்ணுங்க, இந்தப் பிரச்சனையே வராது.

இன்னொண்ணு, இஎக்ஸ்டி4 டீஃபால்ட்டா 5 சதவீதம் எடத்த ரூட்டுக்குன்னு தனியா புடிச்சு வெக்கும். 500 ஜிபி டிஸ்க்ல அது 25 ஜிபி. ஓஎஸ் இருக்குற பார்ட்டிஷன்ல அதத் தொடாதீங்க, மிஷின் திணறுறப்ப நீங்க உள்ள போயி சரிபண்ண அதுதான் உதவும். டெஸ்ட் டேட்டாக்குன்னு தனிப் பார்ட்டிஷன் இருந்தா அதுல ட்யூன்2எஃப்எஸ் -எம் 1 போட்டுக் கொறச்சுக்கலாம்.

இனி பெரிய தீனிக்காரன், டாக்கர். டாக்கர் சிஸ்டம் டிஎஃப் -வி போட்டீங்கன்னா இமேஜ் (கன்டெய்னர உருவாக்குற அச்சு), கன்டெய்னர், வால்யூம் (கன்டெய்னர் தன் டேட்டாவ வெக்கிற எடம்), பில்ட் கேஷ்னு பிரிச்சுக் காட்டும். /வார்/லிப்/டாக்கர் உள்ள போயி ஓவர்லே2 ஃபோல்டர்ல கையால எதையும் அழிக்காதீங்க, லேயர் கணக்கு ஒடஞ்சு போயிரும், அப்புறம் மொத்தமா துடைச்சு மறுபடி போடுற மாதிரி ஆயிரும்.

டெஸ்ட்ல ரொம்பப் பேரு கவனிக்காம விடுறது வால்யூம்தான். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோட இமேஜ எடுத்துக்கோங்க, அதோட டாக்கர்ஃபைல்லயே வால்யூம்னு ஒரு வரி இருக்கு, அதனால நீங்க எந்த வால்யூமும் கேக்காட்டியும் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் பேரில்லாத ஒரு வால்யூம் உருவாகும். டெஸ்ட் முடிஞ்சு டாக்கர் ஆர்எம் மட்டும் போட்டா கன்டெய்னர் போகும், வால்யூம் அங்கயே கெடக்கும். ஒரு நாளைக்கு அம்பது பில்ட் ஓடுனா அம்பது வால்யூம். டாக்கர் ரன்ல --ஆர்எம் போட்டா அந்தப் பேரில்லாத வால்யூமும் சேந்து போயிரும், இல்லாட்டி ஆர்எம் -வி போடுங்க, கம்போஸ்னா டவுன் -வி. இதவிட நல்ல வழி, டெஸ்ட் டேட்டாபேஸ டிஸ்க்லயே எழுத விடாதீங்க, --டிஎம்பிஎஃப்எஸ் போட்டு டேட்டா ஃபோல்டர ரேம்ல வைங்க, டெஸ்டும் வேகமா ஓடும், கன்டெய்னர் நின்னா தடயமே இருக்காது. போஸ்ட்கிரெஸ் 18 இமேஜ்லேர்ந்து அந்த டேட்டா பாத் மாறிருக்கு, பழைய பாத்தையே காப்பி அடிக்காம பாத்துக்கோங்க.

டாக்கர் சிஸ்டம் ப்ரூன் நின்னுபோன கன்டெய்னர், யாரும் பயன்படுத்தாத நெட்வொர்க், பேரில்லாத இமேஜ், பில்ட் கேஷ் இதையெல்லாம் எடுக்கும், -ஏ போட்டா எந்தக் கன்டெய்னரும் பயன்படுத்தாத எல்லா இமேஜையும் எடுத்துரும். வால்யூம அது தானா தொடாது. டாக்கர் வால்யூம் ப்ரூன்னு தனியா போட்டாலும் 23ஆம் வெர்ஷன்லேர்ந்து பேரில்லாத வால்யூம மட்டுந்தான் எடுக்கும், பேர் வெச்சத எடுக்க அதுக்கும் -ஏ வேணும். நைட் க்ரான்ல (குறிச்ச நேரத்துல தானா ஓடுற வேலை) ப்ரூன் -ஏ போட்டு அன்டில்=72ஹெச்னு ஃபில்டர் வெச்சா மூணு நாளுக்குள்ள டவுன்லோட் பண்ணது தப்பிச்சுரும்னு நெனைப்பாங்க, அப்படி இல்ல, அது இமேஜ் உருவான தேதியப் பாக்கும், நீங்க டவுன்லோட் பண்ண தேதிய இல்ல. போன மாசம் உருவான பேஸ் இமேஜ நேத்து எறக்கிருந்தாலும் அந்த நேரத்துல எதுவும் அதுல ஓடலன்னா அது போயிரும், காலையில எல்லா பில்டும் திரும்ப எறக்கும். இமேஜெல்லாம் எறக்குற டாக்கர் ஹப்ல லாகின் பண்ணாம எறக்குனா ஒரு ஐபிக்கு 6 மணி நேரத்துக்கு 100 புல் தான், ஆபீஸ் முழுக்க ஒரே ஐபியில இருந்தா அது மத்தியானத்துக்குள்ள தீந்துரும். அதனால பேஸ் இமேஜ விட்டுட்டு, நம்ம டெஸ்ட்டுக்குன்னு பில்ட் பண்ற இமேஜுக்கு ஒரு லேபிள் குடுத்து அந்த லேபிள வெச்சு மட்டும் ப்ரூன் பண்ணுங்க.

டாக்கர் லாகையும் சேத்துப் பாத்துருங்க. டீஃபால்ட்டா வர்ற ஜேசன்-ஃபைல் டிரைவருக்கு அளவே கெடையாது, ஒரு கன்டெய்னர் டீபக் லெவல்ல பேசிட்டே இருந்தா அதோட லாக் மட்டும் பல ஜிபிக்கு வளரும். டீமன்.ஜேசன்ல மேக்ஸ்-சைஸ் 10எம், மேக்ஸ்-ஃபைல் 3னு போட்டு டாக்கர ரீஸ்டார்ட் பண்ணுங்க, ஆனா அது புதுசா உருவாகுற கன்டெய்னருக்குத்தான் பொருந்தும், பழைய கன்டெய்னர அழிச்சுத் திரும்ப உருவாக்கணும். டெவலப்பர் லேப்டாப் விண்டோஸ்ல டபிள்யூஎஸ்எல்2ன்னா (விண்டோஸுக்குள்ள லினக்ஸ் ஓட்டுறது) ஒரு வார்த்தை, உள்ள எம்புட்டு அழிச்சாலும் வெளிய இருக்குற விஹெச்டிஎக்ஸ் ஃபைல் (அந்த லினக்ஸோட மொத்த டிஸ்க்கும் இதுதான்) பொதுவா தானா சுருங்காது, டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன் பண்ணிட்டு டிஸ்க்பார்ட்ல காம்பாக்ட் விடிஸ்க் ஓட்டுனாத்தான் சி டிரைவ்ல எடம் திரும்பி வரும்.

அடுத்து ப்ரவுசர் டெஸ்ட். வீடியோ, ஸ்க்ரீன்ஷாட், ட்ரேஸ் (டெஸ்ட் என்னென்ன செஞ்சதுங்குற பதிவு) மூணையும் "எதுக்கும் இருக்கட்டும்"னு எல்லா டெஸ்ட்டுக்கும் ஆன் பண்ணி வெச்சுருப்பாங்க. பாஸான டெஸ்டோட வீடியோவ யாராச்சும் பாத்துருக்கீங்களா? பாக்க மாட்டோம். ஃபெயிலானதுக்கு மட்டும் வைங்க, ஆனா அத நல்லா வைங்க, அது பொக்கிஷம். ப்ளேரைட்ல ட்ரேஸ் ஆன்-ஃபர்ஸ்ட்-ரீட்ரை, வீடியோ ரிடெய்ன்-ஆன்-ஃபெயிலியர், ஸ்க்ரீன்ஷாட் ஒன்லி-ஆன்-ஃபெயிலியர், இந்த மூணே வரி. சைப்ரஸ்ல 13ஆம் வெர்ஷன்லேர்ந்து வீடியோ டீஃபால்ட்டாவே ஆஃப், பழைய வெர்ஷன்லேர்ந்து மேல வந்தவங்க கான்ஃபிக்ல வீடியோ ட்ரூன்னு எழுதி வெச்சுருக்காங்களான்னு மட்டும் பாருங்க. ப்ளேரைட் ப்ரவுசரையும் சைப்ரஸ் தன் பைனரியையும் ஹோமுக்குள்ள .கேஷ்ல எறக்கி வெக்கும், சைப்ரஸ் கேஷ் ப்ரூன் போட்டா இப்ப இருக்குற வெர்ஷன் தவிர மத்தது போயிரும்.

செலினியம் ஆளுங்களுக்குத் தனியா சொல்லணும். டிரைவர்.க்ளோஸ் வேற, டிரைவர்.க்விட் வேற. க்ளோஸ் இருக்குற விண்டோவ மட்டுந்தான் மூடும். க்விட்தான் செஷன முடிச்சு, க்ரோம் டெம்ப்ல உருவாக்குன ப்ரொஃபைல் ஃபோல்டர அழிக்கும். அசர்ட் ஃபெயிலாகுற எடத்துக்கு அப்புறம் க்விட் எழுதிருந்தா அது ஓடவே ஓடாது, ஃபிக்ஸ்சர்லயோ ஃபைனலிலயோ வைங்க. அதுக்கப்புறமும் மிஷின் செத்தா மிஞ்சும், /டெம்ப்புல எல்எஸ் -ஏ போட்டுப் பாத்தா பல வெர்ஷன்ல .ஆர்க்.க்ரோமியம்னு ஆரம்பிக்கிற ஃபோல்டர் வரிசையா நிக்கும், புள்ளியில ஆரம்பிக்கிறதால சாதா எல்எஸ்ல தெரியாது. டாக்கருக்குள்ள க்ரோம் சாகுதுன்னா இன்னொரு காரணமும் இருக்கலாம், /டெவ்/எஸ்ஹெச்எம் அங்க 64 எம்பிதான், --எஸ்ஹெச்எம்-சைஸ் கூட்டிக் குடுங்க. செத்த க்ரோம் கோர் டம்ப் (சாகுறப்ப இருந்த மெமரியோட நகல்) போட்டா அதுவும் டிஸ்க்ல தான் வந்து ஒக்காரும், சிஸ்டம்டி இருக்குற மிஷின்ல /வார்/லிப்/சிஸ்டம்டி/கோர்டம்ப் பாருங்க, தேவ இல்லாட்டி டெஸ்ட் ஸ்க்ரிப்ட் மேலயே யூலிமிட் -சி 0 போட்டு ஒருதடவ சோதிச்சுப் பாருங்க, சில செட்டப்ல சிஸ்டம்டி கான்ஃபிக்லயும் நிறுத்த வேண்டியிருக்கும். ஜாவான்னா .ஹெச்ப்ராஃப் ஃபைலத் தேடுங்க, ஹீப் (ஜாவா பயன்படுத்துற மெமரி) எம்புட்டோ கிட்டத்தட்ட அம்புட்டுப் பெருசு வரைக்கும் வரும்.

பைத்தான் டெஸ்ட் டூலான பைடெஸ்ட்டோட டிஎம்பி-பாத் கடைசி மூணு ரன்னோட ஃபோல்டர வெச்சுக்கும், ஒவ்வொரு டெஸ்டும் 200 எம்பி சாம்பிள் ஃபைல் எழுதுச்சுன்னா மூணு மடங்கு கணக்குப் போட்டுக்கோங்க. 7.3லேர்ந்து டிஎம்பி-பாத்-ரிடென்ஷன்-பாலிசின்னு ஒரு செட்டிங் இருக்கு, அத ஃபெயில்டுன்னு வெச்சா பாஸான டெஸ்டோடது ஒடனே போயிரும்.

டேட்டாபேஸ டாக்கர்ல இல்லாம மிஷின்லயே ஓட்டுறவங்களுக்கு: போஸ்ட்கிரெஸ்ல டெலீட் பண்ணா டேபிளோட ஃபைல் பொதுவா சுருங்காது, டெஸ்ட் டேட்டாவ ட்ரன்கேட் பண்ணுங்க, இல்ல டேட்டாபேஸையே ட்ராப் பண்ணுங்க. செத்த ரன் விட்டுட்டுப் போன டெஸ்ட்_ன்னு ஆரம்பிக்கிற டேட்டாபேஸ் எத்தன கெடக்குன்னு \எல்+ போட்டுப் பாருங்க, சைஸோட காட்டும். மைஎஸ்க்யூஎல் 8ல பின்லாக் (டேட்டாவுல நடக்குற மாத்தத்தையெல்லாம் எழுதி வெக்கிற லாக்) டீஃபால்ட்டா ஆன், 30 நாள் வெச்சுக்கும், டெஸ்ட் மிஷின்ல ஒவ்வொரு இன்செர்ட்டும் ரெண்டு தடவ எழுதுற மாதிரி ஆகுது. ரெப்ளிகேஷன் (இன்னொரு சர்வருக்கு டேட்டாவக் காப்பி பண்றது) எதுவும் இல்லன்னா ஸ்கிப்-லாக்-பின் போட்டு நிறுத்திருங்க.

இப்ப நான் சொன்ன ஆரம்பத்துலயே அழிக்கிற விஷயத்துக்கு வருவோம், கொஞ்சம் கிட்டக்க பாக்கலாம். /டேட்டா/டெஸ்ட்ரன்னு ஒரு ஃபோல்டர், முடிஞ்சா தனிப் பார்ட்டிஷனா வைங்க, அது ரொம்புனா டெஸ்ட் மட்டும் சாகும், ஜென்கின்ஸும் டேட்டாபேஸும் தப்பிச்சுரும். ஒவ்வொரு பில்டும் அதுக்குள்ள தன் நம்பர்ல ஒரு ஃபோல்டர், பில்ட்-1842 மாதிரி, உருவாக்கி, டெம்ப் ஃபைல எங்க போடணும்னு சொல்ற டிஎம்பிடிஐஆர் வேரியபிள அதுக்கு மாத்தணும். பைத்தான், நோட், எம்கேடெம்ப், லினக்ஸ் க்ரோம் எல்லாம் அந்த வேரியபிளக் கேக்கும், ஜாவா மட்டும் கேக்காது, அதுக்கு -டிஜாவா.ஐஓ.டிஎம்ப்டிர்னு தனியா குடுக்கணும். இப்ப /டெம்ப்ல செதறிக் கெடந்ததெல்லாம் ஒரே எடத்துக்கு வந்துருச்சு, எது எந்த பில்டோடதுன்னு பேரப் பாத்தே தெரியும். அடுத்த பில்டோட மொத ஸ்டெப் இது:

ஃபைண்ட் /டேட்டா/டெஸ்ட்ரன் -மின்டெப்த் 1 -மேக்ஸ்டெப்த் 1 -டைப் டி -நேம் 'பில்ட்-*' -எம்டைம் +3 -பிரிண்ட்

மொதல்ல -பிரிண்ட் போட்டு ரெண்டு மூணு நாள் லிஸ்ட்ட மட்டும் பாருங்க. சரியா இருக்குன்னு மனசுக்குப் பட்டதுக்கு அப்புறம் -பிரிண்ட் எடத்துல -எக்ஸெக் ஆர்எம் -ஆர்எஃப் {} + போடுங்க. +3ன்னா மூணு நாள் இல்ல, முழுசா நாலு நாள் தாண்டுனதத்தான் எடுக்கும். -டெலீட் ஆப்ஷன் பயன்படுத்துறவங்க அத எப்பவும் கடைசியில போடுங்க, ஃபைண்ட் எடதுலேர்ந்து வரிசையாத்தான் பாக்கும், -நேமுக்கு முன்னாடி -டெலீட் எழுதிட்டா பேரே பாக்காம அந்த ஃபோல்டர்ல இருக்குற எல்லாத்தையும் அழிச்சுரும். பாத்த வேரியபிள்ல வெச்சுருந்தா அது காலியா இருக்கான்னு செக் பண்ணாம ஆர்எம் பக்கமே போகாதீங்க.

ஜென்கின்ஸ்ல டிஸ்கார்ட் ஓல்ட் பில்ட்ஸ் டிக் பண்ணாத ஜாப் எல்லா பில்டையும் காலத்துக்கும் வெச்சுருக்கும். அதுல பில்ட் லாகுக்கு ஒரு கணக்கு, ஆர்டிஃபாக்ட்டுக்கு (பில்டு முடிவுல சேத்து வெக்கிற ஃபைல்) தனியா ஒரு கணக்கு குடுக்கலாம், லாக் 30 நாள், ஆர்டிஃபாக்ட் கடைசி 5 பில்ட் போதும்னு வைங்க. ஒரே ஜாப் ஒரே நேரத்துல ரெண்டு ஓடுனா வொர்க்ஸ்பேஸ் பேரோட @2ன்னு இன்னொண்ணு உருவாகும், அதையும் கணக்குல எடுங்க. கிட்ஹப் ஆக்ஷன்ஸ்ல ஆர்டிஃபாக்ட் டீஃபால்ட்டா 90 நாள் நிக்கும், ரிடென்ஷன்-டேஸ் 5னு போட்டா போதும், கிட்லேப்ல எக்ஸ்பயர்-இன்.

"அண்ணே, இதுக்கெல்லாம் பதிலா ஒரு டெரா எஸ்எஸ்டி வாங்கிப் போட்டுரலாம்ல?"ன்னு டீம்ல ஒரு தம்பி கண்டிப்பா கேப்பாப்ல. வாங்கலாம் தம்பி, தப்பே இல்ல, ஆனா கன்டெய்னருக்கு ஒரு வால்யூம் மிச்சம் வெக்கிற பழக்கம் இருந்தா அதுவும் ரொம்பும், கொஞ்சம் லேட்டா ரொம்பும், அப்ப அழிக்க வேண்டியது இன்னும் நெறய இருக்கும். அடைச்சதுக்கு அப்புறம் வாங்குனா அந்தக் காசுக்கு மரியாத.

கடைசியா எச்சரிக்கை. ஜென்கின்ஸ் டீஃபால்ட்டா 1 ஜிபிக்குக் கீழ போனாத்தான் நோட (ஜாப் ஓடுற மிஷின) ஆஃப்லைன் பண்ணும், அது ரொம்ப லேட், நோட் மானிட்டரிங் செட்டிங்ல 10 ஜிபின்னு கூட்டி வைங்க. அதோட பில்டோட மொத ஸ்டெப்ல, பழசெல்லாம் அழிச்சதுக்கு அப்புறம், டிஎஃப்ல காலி எடத்தையும் ஐநோடையும் பாத்து, ஒரு ரன்னுக்குத் தேவையானத விடக் கம்மியா இருந்தா "டிஸ்க்ல எடம் இல்ல, டெஸ்ட் ஓடல"ன்னு தெளிவா எழுதிட்டு அங்கயே நிறுத்திருங்க. பாதி ஓடி ஃபெயிலாகுறதுக்கும் ஓடவே இல்லன்னு சொல்றதுக்கும் நெறய வித்தியாசம், அந்த டெவலப்பரோட அர நாள் மிச்சம். 80 சதவீதம் தாண்டுனா டீம் குரூப்புக்கு ஒரு மெசேஜ் போற மாதிரியும் வைங்க, ஒரே ஒருத்தர் மெயிலுக்கு மட்டும் அனுப்பாதீங்க. நம்ம ஊர்ல சித்திரைத் திருவிழான்னா ஆபீஸ்ல ஆளே இருக்காது, அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்கு அலர்ட் பாக்க யாரு இருப்பா, ஆனா நைட்லி ஜாப் மட்டும் தெனமும் ஓடிட்டே இருக்கும். கோடே மாறாத நாள்ல ஓடுற டெஸ்டால பெருசா பிரயோஜனம் இல்ல, அதனால க்ரான்ல இருக்குற ஜாப புது கமிட் இருந்தா மட்டும் ஓடுற மாதிரி எஸ்சிஎம் போலிங்குக்கு (கோடு மாறிருக்கான்னு அப்பப்பப் பாக்குற ஜென்கின்ஸ் செட்டிங்) மாத்திட்டு லீவுக்குப் போங்க.